தேயிலை மலையும் சைவ உணவும்: ஒரு வரலாற்று நோக்கு

கடந்த ஆண்டு எமது தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவிலே பாற்குட பவனி நிகழ்ந்தபோது, குடமேந்திச் சென்ற சகோதரி ஒருத்தி வழியிலே மயங்கி வீழ்ந்தாள். காப்புக் கட்டிய நாள் முதலாகத் தவறாது விரதங் காத்தவள் அவள். அந்நாட்களிலும் கொழுந்து மலைக்குப் போய் வந்தவள். மர நிழலிற் கிடத்தி முகத்திலே தண்ணீர் தெளித்தோம். வந்து பார்த்த மருத்துவமாது கண்ணின் கீழிமையை விலக்கி நோக்கிவிட்டு, “இரத்தமே இல்லையே! காலையில என்னம்மா சாப்பிட்ட?” என்று கேட்டார்.

“விரதமுங்க. சைவந்தான்” என்றாள் அவள்.

“இந்தச் சைவத்தால வந்ததுதான் இது. மீன், முட்டை ஏதாச்சும் சாப்பிடு” என்று கூறிவிட்டு அவர் சென்றார்.

அருகே நின்ற பெரியவர்களுக்குச் சினம் பொங்கியது. “நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் விரதமிருந்து மலை வெட்டலையா? சைவம் ஆரையும் கொல்லாது” என்றார் ஒருவர். இவ்விரு கூற்றுக்களையுங் கேட்டுக்கொண்டு வீடு திரும்பிய எமக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. சைவ உணவு நம்மவரை மெலியச் செய்கின்றதா? அன்றி, சைவம் என்ற பெயர் ஒன்றே உடலைக் காக்கப் போதுமா? இவ்வினாவுக்கு விடை தேடி நாம் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தோம். கண்டவற்றை இம்மலரின் வாயிலாக அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

ஊரில் இருந்த உணவு

இம்மலைகளுக்கு வந்த எம் முன்னோர் பெரும்பாலும் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி ஆகிய பகுதிகளையும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தையும் சேர்ந்தவர்கள். அவற்றுட் பெரும்பாகம் வானம் பார்த்த பூமி. அங்கே உழைப்பாளர் வீட்டு அடுப்பில் நாள்தோறும் வெந்தது நெற்சோறன்று; கம்பு, சோளம், வரகு, சாமை, கேழ்வரகு ஆகியவையே. நெற்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உரியது. அக்கூழோடும் களியோடும் துவரையும், மொச்சையும், கொள்ளும், தட்டைப்பயறும் சேர்ந்தன. வேலியோரத்து முருங்கையும் அகத்தியும் கறியாயின. மாடுள்ள வீட்டிலே மோர் இருந்தது; இல்லாத வீட்டுக்கு அயலார் வார்த்தனர்.

இலங்கையிலே நாம் குரக்கன் என்று வழங்கும் கேழ்வரகை எடுத்துக் கொள்வோம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு. தீட்டிய வெள்ளரிசியில் இருப்பதோ ஏறக்குறைய 10 மில்லிகிராம். தானியத்தோடு பருப்பு வகை சேரும்போது ஒன்றிற் குறைந்த புரதக் கூற்றை மற்றொன்று நிரப்புகின்றது. இவற்றையெல்லாம் அளந்து பார்க்க அன்று ஆய்வுகூடம் இல்லை. ஆயினும் தலைமுறை தலைமுறையாய் உண்டு பழகிய அனுபவம் இருந்தது.

ஈண்டு உண்மையை மறைத்தல் ஆகாது. நம் முன்னோர் அனைவரும் புலால் நீத்தவர் அல்லர். கோழியும், ஆட்டிறைச்சியும், கருவாடும் கிடைத்தபோது உண்டவரே பெரும்பாலோர். ஆயினும் அவை எப்போதோ கிடைத்தவை. நாளாந்த உணவு மரக்கறியே. அவ்வுணவும் எல்லோருக்கும் எந்நாளும் கிடைத்ததன்று. சாதியாலும் கடனாலும் நிலமின்மையாலும் நலிந்தவர் பலர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்திலே கூழுக்கும் வழியின்றி மாண்டவர் இலட்சக்கணக்கினர். அப்பஞ்சத்துக்குத் தப்பி இக்கரை ஏறியவரும் பலர். ஆகவே ஊரிலே பாலும் தேனும் ஓடின என்று நாம் கூற வரவில்லை. உண்ணக் கிடைத்த நாளிலே அத்தட்டில் பலவகை இருந்தது என்பதே நாம் கூறுவது.

கடல் கடந்த சோறு

தென்னிந்தியக் கரையிலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் கால்நடையாக வந்தனர் கோப்பிக் காலத்து மக்கள். வழியிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானவர் பலர். 1867இல் யேம்ஸ் ரெயிலர் என்பார் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை நாட்டினார். அதே 1867இல்தான் வடலூரிலே இராமலிங்க வள்ளலார் சத்திய தருமசாலையை நிறுவிப் பசித்தோர்க்கு அன்னமிடும் அடுப்பை மூட்டினார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பிக்கு வேலை சில மாதங்களே. தேயிலைக்கு ஆண்டு முழுவதும். வந்து போனவர்கள் லயங்களிலே நிலையாகக் குடியிருக்கலாயினர்.

குடியிருப்பு நிலையானபோது உணவும் மாறியது. மலைச்சரிவு முழுவதும் தேயிலை. கம்பு விதைக்க நிலமில்லை, காலநிலையும் இடந்தரவில்லை. தோட்டம் கொடுத்தது அரிசி. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கொழும்புக்கு வந்த அரிசி மாட்டு வண்டியிலும், பின்னர் புகைவண்டியிலும் மலையேறியது. புகைவண்டிப் பாதை 1867இல் கண்டியையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. மூட்டை மூட்டையாய் வந்த அரிசி தொழிலாளிக்கு அளந்து கொடுக்கப்பட்டு, அதன் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. கூலியோ மாதக்கணக்கிற் பிந்தி வந்தது. பெரிய கங்காணியிடம் பட்ட கடனும், ஆளையே கடனோடு கைமாற்றும் துண்டு முறையும் கழுத்தை நெரித்தன. 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

பின்னர் 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி முதலில் வகுக்கப்பட்ட நாட்கூலி, உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம். குறித்த விலைக்கு மேற்படாது அரிசி வழங்கவேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. அக்காலத்துக்கு இஃது ஒரு முன்னேற்றமே, மறுப்பதற்கில்லை. ஆயினும் அச்சட்டம் அரிசியைக் கண்டது, கறியைக் காணவில்லை. பருப்பும் பாலும் கீரையும் மிஞ்சிய சதங்களைப் பொறுத்தன. பெண்ணின் கூலி ஆணினும் குறைவு என்பதையும் மறவாதிருப்போம். கடைசியாக உண்பவளும் அவளே. கொழுந்துக் கூடையைச் சுமப்பவளும் அவளே.

தவிடு காத்த உயிர்

இக்காலத்திலே கிழக்காசிய நாடுகள் எங்கும் பெரிபெரி என்னும் கொடுநோய் பரவியது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் ஓய்ந்து மக்கள் மாண்டனர். கிருமியே காரணம் என்று பலர் நம்பினர். யாவாவிலே பணிபுரிந்த ஒல்லாந்த மருத்துவர் எய்க்மன், ஆஸ்பத்திரிச் சமையலில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் இந்நோயை ஒத்த நோயால் வீழ்வதையும், தீட்டாத அரிசி தின்றபோது எழுவதையும் கண்டார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மலாயாவிலே கண்ட செய்தி எமக்கு இன்னும் நெருங்கியது. அங்கே தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் பெரிபெரிக்கு இரையாக, அதே நாட்டில் உழைத்த தமிழ்த் தொழிலாளரை அந்நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. யாது காரணம்? தமிழர் உண்டது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே சென்று தங்கிவிடுகின்றது. பிரடன் என்ற மருத்துவர் 1907இல் இவ்வேற்றுமையை எடுத்துரைத்தார். பிரேசர், ஸ்ரன்ரன் என்னும் இருவர் தொழிலாளரிடையே சோதனை நடத்தி 1909இல் இதனை உறுதிப்படுத்தினர். விற்றமின் என்ற சொல்லுக்கு மூலமான பெயரே 1912இல்தான் பிறந்தது. ஆனால் நெல்லைப் புழுக்கிய எம் பாட்டிமார் அதற்கு முன்னரே அதைக் காத்து வைத்திருந்தனர்.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்றுண்டு. அம்மக்களைக் காத்தது இறைச்சியும் அன்று, மீனும் அன்று, தவிட்டின் சத்தே. அடுத்து நாம் காணப்போவதும் இதற்கு ஒத்ததே.

1928இல் பம்பாய்க்கு வந்த ஆங்கிலப் பெண் மருத்துவர் லூசி வில்ஸ், வறிய பெண்கள் கருவுற்ற காலத்திலே கடுங் குருதிச்சோகையால் வாடுவதை ஆராய்ந்தார். துணியாலைத் தொழிலாளப் பெண்களும் அவர்களுள் இருந்தனர். மலிவான மார்மைட் என்னும் நொதியச் சாறு அந்நோயைத் தீர்ப்பதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். அச்சாற்றிலே புலால் இல்லை. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் எமது நாட்டின் தாழ்ந்த பிரதேசங்களை அலைக்கழித்தபோது, மெலிந்தோர்க்கு அதே மார்மைட் ஊட்டப்பட்டது. நோய் தீர்த்த அப்பொருள் யாதென்று தேடியவர்கள் 1941இல் அதனைப் பசளைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தனர். இலத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லைக் கொண்டே அதற்கு போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். நம் வீட்டுப் பெண்கள் “கீரை வாங்கக் காசில்லை” என்று சொல்லும்போது, அவர்கள் இழப்பது இதனையே.

இதே காலத்தில் எம்மைப் போலத் தேயிலை விளையும் நீலகிரியின் குன்னூரிலே, மக்கரிசன் என்பார் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகியவற்றோடு சிறிதளவே இறைச்சி சேர்ந்த வடபுலத்து உணவு முதலிடம் பெற்றது. தீட்டிய அரிசியை மிகுதியாகவும் மற்றவற்றைச் சொற்பமாகவும் கொண்ட சென்னை மாகாணத்து உணவு கடைசியில் நின்றது. நம்மவர் நாணுதற்குரிய செய்திதான். ஆனால் குறை எங்கே என்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அரிசியைச் சுற்றி இருக்கவேண்டியவை இல்லாமையே பெருங் குறை.

சோற்றிலிருந்து ரொட்டிக்கு

1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். இலங்கைக்கு வந்த பர்மா அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. யுத்தம் முடிந்தது, மா போகவில்லை. 1953இல் பங்கீட்டரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ற் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் வெடித்தது. 1966 இறுதியிலே வாரப் பங்கீடு நான்கு இறாத்தலிலிருந்து இரண்டு இறாத்தலாகக் குறைந்தது. அவ்விரண்டு இறாத்தல் இலவசமாயிற்று. வயல் உள்ளவன் குறையைத் தன் நெல்லால் நிரப்பினான். வயலற்ற தோட்டத் தொழிலாளி மாவால் நிரப்பினான்.

1973, 1974ஆம் ஆண்டுகளை மலையகத்து முதியோர் இன்றும் நினைத்து நடுங்குவர். உலகச் சந்தையிலே தானிய விலை ஏறியது, பங்கீடு குறைந்தது, மாவும் கிடைக்கவில்லை. தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. இறப்பு வீதம் உயர்ந்தது. கிழங்கையும் காட்டுக் கீரையையும் தேடி அலைந்தவர்களின் கதையை நாம் எம் பாட்டியின் வாயாற் கேட்டுள்ளோம். “அன்னைக்குச் சாப்பிட்டதெல்லாம் சைவந்தான் தம்பி, சாமிக்காக இல்லை” என்று அவர் சொல்வதுண்டு. அச்சொல் எம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

மா பின்னரும் ஏன் நிலைத்தது? விலையும் கிடைத்தலும் மட்டும் காரணமல்ல. விடியுமுன் எழுந்து, விறகு மூட்டி, பிள்ளைகளை ஆயத்தஞ் செய்து, பெரட்டுக்கு ஓடவேண்டிய தாய்க்குச் சோறும் இரு கறியும் ஆக்க நேரமில்லை. ரொட்டியைத் தட்டிப் போட்டால் வேலை முடிந்தது. தேங்காய்ச் சம்பலை அரைத்து வைத்தால் வயிறும் நிறைந்தது. துணியிற் சுற்றி மலைக்கும் கொண்டு போகலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையிலே, புகை சூழ்ந்த அடுப்படியிலே இதற்கு மேல் என்ன ஆக்குவது? ஆகவே ரொட்டி உண்பவரை இகழ நமக்கு உரிமையில்லை. ஆயினும் தவிடும் முளையும் நீக்கிய வெள்ளை மாவிலே, புழுங்கலரிசி காத்த சத்துப் பெரும்பாலும் இல்லை. ஊரிலே பலவகை தானியமாய் இருந்த தட்டு, முதலில் ஒரே அரிசியாயிற்று. பின் ஒரே வெள்ளை மாவாயிற்று. நூற்றாண்டு காலத்து இறக்கம் இதுவே.

இருவகைச் சைவம்

நிற்க. இனிச் சைவ நெறியை நோக்குவோம். இலங்கைத் தமிழர் வழக்கிலே சைவம் என்ற சொல் சமயத்தையும் குறிக்கும். மரக்கறி உணவையும் குறிக்கும். இவ்விரண்டையும் இறுகப் பிணைத்தவருள் முதன்மையானவர் ஆறுமுக நாவலர் (1822–1879). மிஷன் பாடசாலையிலே கற்று, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்று, பின் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப் பாடசாலை நிறுவியவர் அவர். புலால் மறுத்தலைச் சைவரின் ஒழுக்கமாக வலியுறுத்தினார். அவரே 1877இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது கஞ்சித் தொட்டி அமைத்தார் என்பதையும் நாம் சேர்த்தே நினைக்கவேண்டும். விலக்கத்தக்கது எது என்று சொன்னவர், வயிறு நிறைய வழியும் செய்தார்.

மிஷன் பாடசாலையிற் கற்ற எம்மைப் போன்றோர் விவிலியத்திலே தானியேலின் வரலாற்றைப் படித்திருப்போம். பாபிலோன் அரசனின் போசனத்தை மறுத்து, அவனும் அவன் தோழர் மூவரும் பத்து நாள் பருப்பு வகையும் தண்ணீரும் உட்கொண்டு, அரச உணவு உண்டோரினும் பொலிவுடன் விளங்கினர் என்பது கதை. வகுப்பிலே இதைக் கேட்டபோது விரதமிருக்கும் எம் அன்னையரை எண்ணிப் பெருமிதமடைந்தோம். இன்று படிக்கும்போது வேறொன்று தோன்றுகின்றது. தானியேலின் தட்டிலே பருப்பு இருந்தது.

காந்தியடிகளின் வாழ்வும் இதற்குச் சான்று. தாய்க்குக் கொடுத்த வாக்கிற்காகவே அவர் இலண்டனிலே முதலில் புலால் தவிர்த்தார். அங்கே ஹென்றி சால்ற் எழுதிய நூலைக் கற்ற பின்னரே, தம் சொந்தத் தெளிவினால் மரக்கறி உணவினர் ஆனார். பாலையும் துறந்து பல சோதனைகள் செய்தார். 1918இல் கடும் நோயுற்று உடல் தேறாது போகவே, ஆட்டுப்பாலை ஏற்றார். தம் விரதம் தளர்ந்ததை மறைக்காது எழுதியும் வைத்தார். 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து எமது மலைநாட்டையும் கண்டு சென்ற அப்பெரியார், உணவைத் துறவாகவும் கண்டார், ஆராய்ச்சியாகவும் கண்டார்.

இவற்றைக் கொண்டு நோக்கும்போது தோட்டங்களிலே இருவகைச் சைவம் உண்டென்பது புலனாகும். ஒன்று நோன்புச் சைவம்: வெள்ளிக்கிழமையும், கந்தசஷ்டியும், கார்த்திகையும், அம்மன் திருவிழாவும், ஐயப்பனுக்கு மாலையணியும் காலமும் மனமுவந்து மேற்கொள்வது. மற்றது இல்லாமைச் சைவம்: மாதக் கடைசியிலே கறிக்கு வழியின்றி ரொட்டியும் சம்பலும் சாயத் தேநீரும் கொண்டு காலந்தள்ளுவது. முன்னது அறம், பின்னது வறுமை. பின்னதற்கு முன்னதன் பெயரைச் சூட்டிவிட்டோம் என்பதே எம் துணிபு. நோன்புக்குரிய தட்டு எவ்வாறு இருக்கவேண்டும் என்பதைக் கோயில் இன்றும் மறக்கவில்லை. நவராத்திரிச் சுண்டலைப் பாருங்கள்: கடலை, பயறு, கௌபி. சர்க்கரைப் பொங்கலிலே அரிசியோடு பயறு. எள்ளுருண்டை, மோதகம், அவல், தயிர்ச்சாதம். ஊரிலே இழந்த தட்டைக் கோயில் மடைப்பள்ளி காத்து வந்துள்ளது. நாமோ அதனைக் கையளவு பிரசாதமாகப் பெற்றுக்கொண்டு, வீட்டிலே வெறும் ரொட்டிக்குத் திரும்பினோம்.

இக்கால அறிவு கூறுவது

2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் வயதிற்கேற்ற உயரமின்றிக் குன்றியவர் நாடு முழுவதிலும் 100க்கு 17.3 பேர். தோட்டப்பகுதியில் அத்தொகை 31.7. இக்குழந்தைகளுட் பெரும்பாலோர் சைவ உணவினர் அல்லர். கிடைத்தால் மீனும் கருவாடும் உண்ணும் வீட்டுப் பிள்ளைகளே. ஆகவே குறையைச் சைவத்தின் தலையிற் சுமத்துதல் பொருந்தாது.

ஆயினும் சைவர்கள் அறிந்திருக்கவேண்டியவை சில உண்டு. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. தேசிக்காய், நெல்லிக்காய், கொய்யா முதலியவற்றின் விற்றமின் சி உடனிருந்தால் நன்கு ஏற்கும். உணவோடு தேநீர் அருந்தினால் அவ்வேற்பு மிகக் குறையும். தென்னாபிரிக்காவிலே நடத்தப்பட்டு 1975இல் வெளிவந்த ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. உலகுக்குத் தேநீர் ஊட்டும் எம் பெண்கள், ஒவ்வொரு ரொட்டிக்கும் ஒரு கோப்பைச் சாயத் தேநீர் குடிக்கின்றனர். தேநீரைத் துறக்க வேண்டுவதில்லை. உண்டபின் ஒரு மணி நேரம் பொறுத்துக் குடித்தாற் போதும்.

மற்றொன்று விற்றமின் பி12. 1948இலேயே பிரித்தறியப்பட்ட இச்சத்துக் குறைந்தாலும் குருதிச்சோகை வரும்; நரம்பும் தளரும். எக்கீரையும் இதனைத் தராது. புலால் நீத்தோர்க்குப் பாலும் தயிருமே வழி. அவையும் நீத்தவர் மருத்துவரைக் கேட்டு மாத்திரை கொள்ளுதல் வேண்டும். பாலை எம் முன்னோர் சைவ உணவில் வைத்தது வீணன்று. ஆனால் இன்று லயத்துப் பின்புறத்திலே மாடு வளர்ப்பவர் கறந்த பாலை முழுவதும் விற்றுவிட்டுப் பிள்ளைக்குச் சாயத் தேநீர் கொடுப்பதை எங்கும் காண்கின்றோம். நுவரெலியாவின் கரட்டும் லீக்சும் கோவாவும் லொறி லொறியாய்க் கொழும்புக்கு இறங்குகின்றன. அத்தோட்டங்களிலே கூலிக்குக் களை பிடுங்கும் கைகள் மாலையிலே சம்பல் அரைக்கின்றன. காசின் தேவையை நாம் அறியாதவர்களல்லர். 2022இன் பொருளாதார நெருக்கடியிலே மாவின் விலை பல மடங்கு ஏறியபோது, அந்த ரொட்டியும் சிறுத்ததைக் கண்ணாரக் கண்டோம். ஆகவே போதிய கூலி, வீடு, நிலம் என்ற கோரிக்கைகளும் உணவின் கோரிக்கைகளே. அவற்றைக் கேட்பதும் சைவருக்குரிய தொண்டே.

நாம் செய்யத்தக்கவை

மயங்கி வீழ்ந்த அச்சகோதரியிடம் பின்னொரு நாள் சென்று, அந்த விரத நாட்களில் என்னென்ன உண்டாள் என்று கேட்டோம். காலையிலே சாயத் தேநீர்; பகலிலே சில நாள் ஒன்றுமில்லை; இரவிலே ரொட்டியும் சம்பலும். பருப்பு இரு முறை. கீரை இல்லை. தயிர் இல்லை. அன்று அவள் தலையிலே பாற்குடம் இருந்தது. வயிற்றிலே ஒரு துளி பாலும் இல்லை. மருத்துவமாதுவின் கூற்றிலும் பாதி உண்மை. பெரியவர் கூற்றிலும் பாதி உண்மை. அவளுக்கு இரத்தம் இல்லாதது மெய்யே. சைவம் அவளைக் கொல்லவில்லை என்பதும் மெய்யே. இருவரும் அவளுடைய தட்டைப் பார்க்கவில்லை. உண்மையைக் கூறின், கூட நடந்த நாமும் பார்க்கவில்லை.

இவ்வாண்டு எமது மன்றத்தார் முன்னே சில பணிகளை வைக்க விரும்புகின்றோம். காப்புக் கட்டியோர்க்கு விரத காலம் முழுவதும் கோயிலிலே மாலைதோறும் பயறோ கடலையோ அவித்துத் தேசிக்காய் பிழிந்து வழங்குவோம். பாற்குடம் ஏந்துவோர் பவனிக்கு முன் ஒரு குவளை பாலோ மோரோ அருந்துவதை வழக்கமாக்குவோம். அம்மன் அதற்குக் கோபிக்கமாட்டாள். அன்னதானத்திலே சோற்றின் அளவைச் சிறிது குறைத்தேனும் பருப்பையும் கீரையையும் கூட்டுவோம். வெள்ளரிசியின் இடத்திலே புழுங்கலரிசியைக் கொணர்வோம். ரொட்டி மாவிலே குரக்கன் மாவைக் கலக்கப் பழக்குவோம்.

உயர்ந்த மலையின் குளிரிலே முருங்கை செழிப்பதில்லை. ஆனால் வல்லாரையும் பொன்னாங்காணியும் போஞ்சியும் லயத்தோரத்தில் வளரும். பீற்றூட், ராபு, நோக்கோல் ஆகியவற்றின் இலைகளை வியாபாரிகள் வெட்டி எறிகின்றனர். அவை நல்ல கீரைகள். கிளினிக்கிலே கருவுற்ற தாய்மார்க்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும், 1973 முதல் வழங்கப்படும் திரிபோஷாவையும் வீட்டார் பங்கிட்டுக் கொள்ளாது அத்தாய்க்கே விட்டுவைக்கும்படி நம் வீடுகளிலே எடுத்துச் சொல்வோம். மாடுள்ள வீட்டிலே முதற் குவளை பிள்ளைக்கு, மிஞ்சியது விற்பனைக்கு என்று ஒரு நியதி செய்வோம்.

இவை பெரிய செயல்கள் அல்ல. பெருஞ் செல்வமும் வேண்டியதில்லை. உயிர்களிடத்து இரங்கிப் புலால் மறுப்பது நம் நெறி. அவ்வுயிர்களுள் நம் வீட்டுப் பெண்ணின் உயிரும் ஒன்றென்பதை மட்டும் மறவாதிருப்போமாக. அடுத்த திருவிழாவிலே அச்சகோதரி தன் பாற்குடத்தைத் தளராது சுமந்து கோயில் வாசலை அடைவாளாயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை நாம் அடைந்தவர்களாவோம்.